சீனியை உப்பென்று சொல்லிக்கொடுத்த மார்கழி

யுத்தம் முடிவதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முன்பு, ஒரு மார்கழி மாதம் நடந்தது இது; டிசெம்பரைத்தான் நாங்கள் மார்கழி என்போம். திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய வீதியில் ஒரு பேக்கரியில் நான் போறணையில், பாண் சுடுகிற பெரிய அடுப்பில், வேலை செய்துகொண்டிருந்தேன். வீதியின் இரண்டு முனையிலும் சோதனைச் சாவடி. பாண் வாங்க வருபவர்கள்கூட அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வருவார்கள்.

அதற்கு முன் ஒன்பது வருடம் நான் ஜேர்மனியில் இருந்தவன். அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுத் திரும்பி வந்தேன். அங்கேயும் பேக்கரி வேலைதான். நிலத்துக்குக் கீழே ஒரு அறை, மா மூடைகள், பெரிய அடுப்பு, என்னோடு இன்னும் இரண்டு பேர். ஜேர்மன் மொழியை எங்கள் ஆட்கள் ‘டொச்’ என்றுதான் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த டொச் முழுவதும் அந்த அறைக்குள் படித்ததுதான். வயிற்று வலி என்று டாக்டரிடம் போனால் கையால் தொட்டுக் காட்ட வேண்டிய நிலைமை. ஆனால் கிறிஸ்மஸ் காலத்தில் அவர்கள் செய்கிற பிஸ்கட் வகைகள் அத்தனையின் பெயரும், அதற்குள் போகிற சாமான்களின் பெயரும், மாவைப் பிசைவதற்கும் உருட்டுவதற்கும் ஆறவிடுவதற்கும் உள்ள சொற்களும் தண்ணீர்பட்ட பாடு.

வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்தவனை அந்த நாட்களில் ஒருவரும் நிம்மதியாக விடவில்லை. எல்லோரும் போவதற்கு வழி தேடும்போது இவன் மட்டும் ஏன் வந்தான் என்று அயலவர்கள் தங்களுக்குள் கதைத்தார்கள். கார்த்திகை முடிகிற நேரம் சாதாரண உடுப்பில் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஜேர்மனியில் எந்த ஊரில் இருந்தாய், யாரோடு இருந்தாய், என்ன வேலை செய்தாய், யார் யாரைத் தெரியும், அவர்களுடைய போன் நம்பர் என்ன என்று கேட்டார்கள். யார் அனுப்பிய ஆட்கள் என்று அவர்கள் சொல்லவில்லை; கேட்க எனக்கும் தைரியம் இல்லை. எல்லாவற்றுக்கும் தெரியாது என்றேன். போகும்போது ஒருவர், “யோசிச்சு வையும். திரும்ப ஆள் வரும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சொல் என் தலைக்குள் குந்திக்கொண்டது. பேக்கரிக்கு வருகிற ஒவ்வொரு புது முகத்தையும் ‘இதுதான் அந்த ஆளோ’ என்று பார்க்கத் தொடங்கினேன்.

முதலாளி கிண்ணியா ஊர் முஸ்லிம். நல்ல மனிதர், ஆனால் வாயும் வியாபாரமும் சத்தமானவை. நான் ஒரு நாள் விளையாட்டாகச் செய்து காட்டிய கறுவாப்பட்டை போட்ட நட்சத்திர பிஸ்கட்டைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, முன்கண்ணாடியில் சிவப்புப் பெயின்ற்றால் ‘ஜேர்மன் கிறிஸ்மஸ் பிஸ்கட் இங்கே கிடைக்கும்’ என்று எழுதிவிட்டார். துறைமுகப் பக்கத்து வேதக்கார, கிறிஸ்தவக் குடும்பங்கள் வாங்கும் என்பது அவருடைய கணக்கு. அதை அழிக்கச் சொல்லி எவ்வளவோ கெஞ்சினேன். “என்ன தம்பி, குண்டா விக்கிறம்? பிஸ்கட்டுத்தானே” என்றார்.

எழுதி நாலாம் நாள் அந்தப் பெண் வந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். மழையில் நனைந்த குடையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்து, பாண் கேட்காமல், “ஜேர்மனியில இருந்து வந்தவர் ஆர்?” என்று கேட்டாள்.

முதலாளி என்னைக் கைகாட்டினார்.

“அண்ணா, எனக்கு டொச் சொல்லித்தருவீங்களோ?”

“உங்களை ஆர் அனுப்பினது?” என்றேன். என் குரல் எனக்கே கரடுமுரடாகக் கேட்டது.

“ஒருத்தரும் அனுப்பேல்ல. பஸ்ஸில போகேக்க கண்ணாடியில எழுதியிருக்கிறதைப் பாத்தனான்.”

அவள் சொன்ன விபரம் இதுதான். சொந்த ஊர் இலங்கைத்துறை. இடம்பெயர்ந்து வந்து இங்கே அன்புவழிபுரத்தில் மாமி வீட்டில் இருக்கிறாள். கணவர் ஜேர்மனியில். கொழும்புக்கு வந்து கல்யாணத்தைப் பதிந்துவிட்டுத் திரும்பிப் போனவர். மனைவியைக் கூப்பிடுவதென்றால் அவள் முதலில் டொச் பரீட்சை ஒன்றில் சித்தியடைய வேண்டும் என்று அப்போதுதான் புதிதாகச் சட்டம் வந்திருந்தது. வகுப்புகள் கொழும்பில்தான். தனியாக லொட்ஜில் தங்கி, பொலிஸில் பதிந்து, மாதக்கணக்காகப் படிக்க அவளால் ஏலாது.

நம்பும்படியான கதைதான். அதுவே எனக்குச் சந்தேகத்தைக் கூட்டியது. அனுப்பப்படுகிற ஆள் நம்பும்படியான கதையோடுதானே வருவார்?

“எனக்குப் போறணைக்குப் பக்கத்தில கதைக்கிற டொச் மட்டும்தான் தெரியும். பரீட்சைக்கெல்லாம் அது உதவாது” என்றேன்.

“பறவாயில்லை. ஒண்டும் தெரியாததுக்கு அது நல்லம்தானே” என்றாள்.

நான் மறுபடி மறுக்கும் முன் முதலாளி குறுக்கே விழுந்தார். கிறிஸ்மஸ் முடியும்வரை பிஸ்கட் பெட்டி கட்ட ஒரு ஆள் வேண்டும், காலையில் வந்து மத்தியானம் போகட்டும், வேலை செய்கிற நேரத்தில் சொல்லும் படிக்கட்டும் என்றார். “ஒரு புள்ள பொட்டி கட்டினா ஒனக்கு என்ன கெட்டுப் போவுது?” என்று என்னைக் கேட்டார். முதலாளிக்கு முன்னால் என் பயத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது. சரியென்றேன்.

முதல் நாள் நான் சொன்னவை இரண்டே சொற்கள். மாவுக்கு டொச்சில் ‘மேல்’. முட்டைக்கு ‘ஐ’. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “மேல் எண்டா கீழதான் கிடக்குது” என்று தரையில் இருந்த மா மூடையைக் காட்டினாள். நான் சிரிக்கவில்லை. அவள் ஒரு சின்னக் கொப்பியை எடுத்து இரண்டையும் தமிழ் எழுத்தில் எழுதி, மத்தியானச் சாப்பாட்டுப் பைக்குள் பெட்டிக்கு அடியில் வைத்தாள். ஏன் அடியில்? படிக்கிற கொப்பியை ஒளிப்பானேன்? போகும்போது சாவடியில் நின்றவன் அவளைப் பார்த்துத் தலையாட்டியதையும் கவனித்தேன். என்னை ஒரு நாளும் பார்த்துத் தலையாட்டாதவன்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. கெட்டித்தனமான யோசனை என்று அப்போது நினைத்தேன். இவளுக்கு ஒரு சொல்லை வேண்டுமென்றே பிழையாகச் சொல்லிக்கொடுப்பது. உண்மையிலேயே ஜேர்மனியில் கணவர் இருந்தால் அவரோடு கதைக்கும்போது அவர் திருத்துவார், அவள் வந்து என்னிடம் கேட்பாள். கேட்கவில்லையென்றால் கணவரும் இல்லை, பரீட்சையும் இல்லை.

அடுத்த நாள் சீனி டின்னைக் காட்டி ‘சால்ட்ஸ்’ என்றேன். உப்பு டின்னைக் காட்டி ‘ட்சுக்கர்’ என்றேன்.

அவள் எழுதப் போய் நிறுத்தினாள். “சால்ற் எண்டா இங்கிலீசில உப்பெல்லோ அண்ணா?”

“டொச்சில எல்லாம் மாறித்தான் இருக்கும்” என்றேன்.

ஓம் என்று தலையாட்டி எழுதிக்கொண்டாள்.

நாலு நாள் போனது, ஒரு முழுக் கிழமை, ஏழு நாளும், போனது. அவள் திருத்திக் கேட்கவே இல்லை. நான் ‘சால்ட்ஸ்’ கேட்டால் சீனியை எடுத்துத் தந்தாள். எனக்குள் சந்தேகம் இறுகிப்போனது. ஆனால் ஆள் கெட்டிக்காரி. கறுவா ‘ட்ஸிம்ட்’, கராம்பு ‘நெல்கன்’, தேன் ‘ஹோனிக்’, நட்சத்திரம் ‘ஸ்டெர்ன்’ என்று ஒரு முறை சொன்னால் போதும். பிஸ்கட்டை அடுக்கும்போது ஒன்று, இரண்டு, மூன்று என்று டொச்சில் எண்ணியே பெட்டி கட்டுவாள். வனிலா போட்டுச் செய்கிற வளைந்த பிஸ்கட்டைப் பார்த்து முதலாளி, “இது எங்கட பிறையல்லவா, இதை என்னத்துக்குக் கிறிஸ்மஸுக்குச் செய்றான்?” என்று கேட்டபோது அவள் பிறைக்கும் டொச் கேட்டாள். எனக்குத் தெரியாது. அடுப்புக்குள் போகாத ஒன்றுக்கும் எனக்குப் பெயர் தெரியாது.

வேறு நேரமாக இருந்தால் அப்படி ஒரு ஆளுக்குச் சொல்லிக்கொடுப்பது எவ்வளவு சந்தோசமாக இருந்திருக்கும்! நானோ அவள் ஒரு தரம் கேட்டு மறக்காமல் வைத்திருப்பதைப் பார்க்கப் பார்க்க, பழக்கப்பட்ட ஆள் என்றே நினைத்தேன்.

மார்கழி நடுப்பகுதியில் ஒரு நாள் முட்டை வெள்ளைக்கருவை நுரை வர அடித்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு கடதாசித் துண்டைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

“அண்ணா, நீங்கள் ஜேர்மனியில எந்த ஊரில இருந்தனீங்கள்?”

நான் நுரையை அடித்துக்கொண்டே இருந்தேன்.

“ஆரோட இருந்தனீங்கள்? என்ன வேலை செய்தனீங்கள்? உங்கட போன் நம்பர் என்ன?”

வீட்டுக்கு வந்த இரண்டு பேரும் கேட்ட அதே கேள்விகள். ஏறக்குறைய அதே ஒழுங்கு. என் கையிலிருந்த கிண்ணம் வழுகி, அடித்த நுரை முழுவதும் மேசையில் கொட்டுண்டது. அவள் பதறிப்போய்த் துணி எடுத்து வந்தாள். “பரீட்சையில இதுகளைத்தான் கேப்பினமாம். அதுதான் டொச்சில எப்பிடிச் சொல்றதெண்டு...” என்று இழுத்தாள். நான் காதில் வாங்கவே இல்லை.

அன்றைக்கே இன்னும் இரண்டு சோடிச் சொற்களை மாற்றினேன். தேன் பிஸ்கட்டுக்கு இன்று மாப் பிசைந்து நாளைக்குத்தான் சுட வேண்டும். ‘ஹொய்ட்ட’ என்றால் இன்று. நாளை என்று சொன்னேன். ‘மோர்கன்’ என்றால் நாளை. இன்று என்று சொன்னேன். எங்கள் போறணையில் இடது பக்கம் சூடு அதிகம், அதனால் தட்டுகளை மாற்றி மாற்றி வைக்க வேண்டும். அதைச் சொல்லும்போது இடதையும் வலதையும் மாற்றிச் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் அழகான எழுத்தில் எழுதிக்கொண்டாள்.

கிறிஸ்மஸுக்கு ஐந்தாறு நாள் இருக்கும்போது, காலை வேலை நடந்துகொண்டிருந்த நேரம், படையினரும் பொலிஸும் வீதியை வளைத்துச் சுற்றிவளைப்பு வைத்தார்கள். எல்லோரையும் பக்கத்துப் பள்ளிக்கூட முற்றத்துக்கு வரச்சொன்னார்கள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. மழை தூறிக்கொண்டிருந்தது. மரத்துக்குக் கீழே ஒரு மேசை போட்டு, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அட்டையையும் பையையும் பார்த்தார்கள்.

அவளுடைய சாப்பாட்டுப் பைக்குள் அடியில் இருந்த கொப்பி மேசைக்கு வந்தது. மேசையில் இருந்த அதிகாரி பக்கம் பக்கமாகத் திருப்பினார். தமிழ் எழுத்தில் தமிழல்லாத சொற்கள். பக்கத்திலே எண்கள், கிராம், நிமிடம், சூட்டின் அளவு. நான் பதினைந்து முழத் தூரத்தில் ஆண்கள் வரிசையில் நின்றேன். பேசுவது எல்லாம் கேட்டது.

இது என்ன பாஷை என்று தமிழ் தெரிந்த ஒரு பொலிஸ்காரர் மூலம் கேட்டார்கள். டொச், பரீட்சைக்குப் படிக்கிறேன் என்றாள். அதிகாரி உடனே கோபப்படவில்லை. யாரையோ அனுப்பினார். அரை மணித்தியாலத்தில் ஒரு வயதான சிங்கள ஐயாவைக் கூட்டி வந்தார்கள். உப்புவெளியில் முன்பு ஹோட்டலில் வேலை செய்தவர், வெள்ளைக்காரரோடு பழகி டொச் நன்றாகத் தெரிந்தவர் என்று வரிசையில் நின்ற ஒருவர் மெதுவாகச் சொன்னார்.

நான் மாற்றிச் சொன்ன சொற்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன்.

பொலிஸ்காரர் நடுவில் நின்று மொழிபெயர்க்க, பெரியவர் சிரித்த முகத்தோடுதான் கேட்கத் தொடங்கினார். மா, முட்டை, கறுவா, தேன். எல்லாம் சரி. பிறகு ‘ட்சுக்கர்’ என்றால் என்ன என்று கேட்டார்.

“உப்பு” என்றாள்.

‘சால்ட்ஸ்’?

“சீனி.”

அவர் நெற்றியைச் சுருக்கினார். ‘ஹொய்ட்ட’? நாளை. ‘மோர்கன்’? இன்று. இடதுக்கான சொல்லைக் கேட்டால் வலது என்றாள், வலதுக்கானதைக் கேட்டால் இடது என்றாள். தயங்காமல், படித்ததை ஒப்புவிக்கிற நம்பிக்கையோடு சொன்னாள். பெரியவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு அதிகாரியிடம் ஏதோ சொன்னார். பொலிஸ்காரர் அதைத் தமிழில் சொன்னார்: “சொல் டொச்தான். ஆனா கருத்து வேற. இன்றைக்கு நாளைக்கு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் எல்லாம் மாத்தியிருக்கு. இது படிக்கிற கொப்பி இல்லை. ரகசியம்.”

“இல்லை ஐயா, இது பிஸ்கட்...” என்றாள்.

“உனக்கு யார் சொல்லிக் குடுத்தது?”

அவள் தலையை நிமிர்த்தினாள். ஆண்கள் வரிசை அவளுக்கு நேரே இருந்தது. ஒரு கணம் அவளுடைய கண் என்னில் பட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். இதை எழுதுவதற்கே கை கூசுகிறது, ஆனால் நடந்தது அதுதான்.

“அவர் சொன்னவர். என்ர மனுசன். போனில” என்றாள்.

மத்தியானம் எங்களை விட்டுவிட்டார்கள். அவளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

நான் பேக்கரிக்குத் திரும்பினேன். போறணைக்குள் விட்டுப்போன இரண்டு தட்டுகளும் கரியாகியிருந்தன. அதை வழித்துக் கொட்டிவிட்டு, பைத்தியக்காரன் போலப் புதிதாக மா அளந்தேன். அந்த நேரத்திலும் என் மூளை எனக்காக வாதாடிக்கொண்டிருந்தது. ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை? இதுவும் ஒரு நாடகமோ? என்னைத் தானாக வரவழைக்கிற வழியோ? சந்தேகத்தைப் பழகிய புத்தி அப்படித்தான். ஒருவர் தன்னைக் காப்பாற்றியதைக்கூடக் குற்றமாக எழுதி வைத்துக்கொள்ளும்.

முதலாளி வந்து, “எங்க தம்பி அந்தப் புள்ள?” என்று கேட்டார். அப்போதுதான் உடைந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். சீனி, உப்பு, இன்று, நாளை, வலது, இடது. வீட்டுக்கு வந்த இரண்டு பேரைப் பற்றியும் சொன்னேன்.

அவர் என்னை ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். மா மூடையில் உட்கார்ந்தார். பிறகு மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தார்.

“நீ வராட்டி நான் போறன். ஆனா எனக்கு டொச் தெரியாதே தம்பி. என்னத்தை வெச்சு அந்தப் புள்ளையை எடுக்கிற?”

வீட்டுக்குப் போய், கூரை ஓட்டுக்கும் அதைத் தாங்கும் சிலாகைக்கும் இடையில் ஒளித்து வைத்திருந்த உறையை எடுத்தேன். ஜேர்மன் பேக்கரியின் வேலை அட்டை, விண்ணப்பம் நிராகரித்த கடிதம், திருப்பி அனுப்பிய தாள். வந்த நாளிலிருந்து ஒருவர் கண்ணிலும் படக்கூடாது என்று வைத்திருந்தவை. முதலாளி ஒரு பெட்டி பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டார். மழைக்குள் போனோம்.

பொலிஸ் நிலைய வாசலில் வெகுநேரம் நின்றபின் உள்ளே விட்டார்கள். அதே அதிகாரி, அதே பொலிஸ்காரர். அவள் சுவரோரம் ஒரு கதிரையில் இருந்தாள். ஹோட்டல் பெரியவரை மறுபடி கூப்பிட்டார்கள். நான் அட்டையை மேசையில் வைத்து, சொல்லிக்கொடுத்தது நான்தான் என்றேன். பெரியவர் கேட்டதற்கெல்லாம் டொச்சில் பதில் சொன்னேன். தேன் பிஸ்கட்டின் செய்முறையை முதலிலிருந்து கடைசிவரை, ஒன்பது வருடம் அந்த நிலவறையில் கேட்டபடி, ஒப்புவித்தேன். பெரியவர் பிஸ்கட் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு அதிகாரியிடம் தலையாட்டினார்.

“அப்ப ஏன் பிழையாச் சொல்லிக் குடுத்த?” என்று பொலிஸ்காரர் கேட்டார்.

இதற்குப் பொய் ஒன்று யோசித்துக்கொண்டுதான் போயிருந்தேன். அவளைப் பார்த்ததும் அது வாயில் வரவில்லை.

“அவ உங்கட ஆள் எண்டு நினைச்சன் ஐயா. என்னை வேவு பாக்க அனுப்பின ஆள் எண்டு.”

பொலிஸ்காரர் அதை உடனே சிங்களத்தில் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார். அதிகாரி பேனையை மேசையில் வைத்தார். அந்த அறையில் இருந்த ஒவ்வொருவரும் அவளைச் சந்தேகப்பட்டிருந்தோம். நான் அரசாங்கப் பக்கத்து ஆள் என்று, அவர்கள் போராளிகள் பக்கத்து ஆள் என்று. அவளோ உப்புக்கும் சீனிக்கும் டொச் படிக்க வந்தவள்.

பின்னேரம் அவளை விட்டார்கள். கொப்பியைத் திருப்பித் தரவில்லை. நான் கிழமைக்கு ஒரு தரம் வந்து கையெழுத்து வைக்க வேண்டும் என்றார்கள். சித்திரை வரைக்கும் அப்படி வைத்தேன். அது எனக்குப் பெரிய தண்டனையாகத் தெரியவில்லை.

வெளியே வந்ததும் அவளிடம் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். முதலில் பேக்கரிக்குப் போவோம் என்றாள். உள்ளே வந்து முகத்தைக் கழுவிவிட்டு, பெட்டி கட்டுகிற மேசைக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டாள்.

“வேற எதெதை மாத்திச் சொன்னீங்கள்?”

“அவ்வளவுதான். மூண்டு சோடி.”

“அதை நான் எப்பிடி நம்புறது?”

என்னை நானே நியாயப்படுத்துவது போல, “நீங்கள் உங்கட அவரிட்டக் கேட்டுத் திருத்துவீங்கள் எண்டு பாத்தனான். நீங்கள் கேக்கேல்ல. அதாலதான் எனக்கு...” என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அன்று முழுவதும் அழாதவளுக்கு அப்போதுதான் கண் நிறைந்தது.

“லைன் கிடைச்சா கிழமைக்கு ஏழு நிமிசம் கதைப்பம் அண்ணா. அந்த ஏழு நிமிசத்தில நான் சீனியையும் உப்பையுமே கேக்கிறது?”

முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனார்.

“பள்ளிக்கூடத்தில வைச்சு என்ர பேரைச் சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“நீங்கள் குனிஞ்ச மாதிரியைப் பாத்தன். நல்லாப் பயந்திட்டீங்கள் எண்டு விளங்கினது. அந்தப் பெரியவர்தான் சொல்லுகளை மாத்திக் கேக்கிறார் எண்டுதான் அப்பவும் நினைச்சன். நீங்கள் பிழையாச் சொல்லித் தந்திருப்பீங்கள் எண்டு எனக்கு எண்ணமே வரேல்ல.”

அதைச் சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இனி வரமாட்டாள் என்று நினைத்தேன். மறுநாள் காலை புதுக் கொப்பியோடு வந்தாள். “முதல்ல இருந்து சொல்லுங்கோ” என்றாள். மாவிலிருந்து தொடங்கினேன். அவள் எழுதினாள். எழுதிய ஒவ்வொரு சொல்லுக்குப் பக்கத்திலும் ஒரு கேள்விக்குறி போட்டாள். மத்தியானம் வேலை முடிந்ததும் உப்புவெளிக்கு பஸ் ஏறி, அந்த ஹோட்டல் பெரியவர் வீட்டுக்குப் போய் ஒவ்வொன்றையும் அவரிடம் சரிபார்ப்பாள். சரியென்றால் கேள்விக்குறிக்கு மேலே ஒரு கோடு. அடுத்த நாள் அந்தக் கோடுகளை எனக்குத் தெரியும்படி கொப்பியை மேசையில் விரித்து வைத்துவிட்டுப் பெட்டி கட்டுவாள். என்னைக் குத்திக்காட்டுவதற்காகச் செய்தாள் என்று நான் நினைக்கவில்லை. அவளுக்குப் பரீட்சை முக்கியம். நான் நம்ப முடியாத ஆள். அவ்வளவுதான். ‘டொச்சில எல்லாம் மாறித்தான் இருக்கும்’ என்று நான் சொன்னபோது தலையாட்டிய அந்தப் பெண்ணை மறுபடி நான் பார்க்கவே இல்லை.

இருந்தாலும் ஏன் என்னிடமே வந்தாள் என்று ஒரு நாள் கேட்டேன். பெரியவருக்குக் கதைக்கத் தெரியும், ஆனால் பொருளைத் தொட்டுக் காட்டிச் சொல்லத் தெரியாது, இங்கே கையில் ஒட்டின சொல் மறக்காது என்றாள். கிறிஸ்மஸுக்கு முதல் நாள் மத்தியானம்வரை வந்தாள். பிறகு வரவில்லை.

பங்குனி மாதம் ஒரு நாள் முதலாளியைத் தேடி வந்தாள். கொழும்பில் பரீட்சை எழுதி சித்தியடைந்துவிட்டாளாம். முதலாளி சத்தம் போட்டுச் சந்தோசப்பட்டு, வீதியால் போன ஆட்களுக்கெல்லாம் சுட்டு வைத்திருந்த பணிஸைக் கொடுத்தார். நான் போறணைப் பக்கத்தில் ஒதுங்கி நின்றேன். போகும்போது அவளாகவே என்னிடம் வந்தாள்.

“பரீட்சையில எனக்கு ஒண்டும் பிழைக்கேல்ல அண்ணா. ஆனா ஒவ்வொரு சொல்லையும் சொல்ல முதல் ஒருக்கா உங்கட முகம் ஞாபகம் வந்தது.”

கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிற மாதிரித்தான் சொன்னாள். நல்லா இருங்கோ என்றேன். அடுத்த வருடம் அவள் ஜேர்மனிக்குப் போய்விட்டாள் என்று முதலாளி யாரிடமோ கேட்டறிந்து சொன்னார். அதற்குப் பிறகு ஒரு தொடர்பும் இல்லை.

என் வீட்டுக்கு வந்து ‘திரும்ப ஆள் வரும்’ என்று சொன்னவர்கள் கடைசிவரை வரவே இல்லை. அவர்களுக்குப் பயந்து நான் செய்த காரியம் மட்டும் நடந்து முடிந்துவிட்டது. அந்தக் காலத்தில் எல்லோரும் எல்லோரையும் சந்தேகித்தார்கள், நான் மட்டுமா என்று எனக்கு நானே எத்தனையோ முறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். அந்தச் சமாதானம் ஒரு நாளைக்கு மேல் நிற்பதில்லை. அந்த வீதியில் பயந்து வாழ்ந்தவர்களில் அவளும் ஒருத்தி; கொப்பியைச் சாப்பாட்டுப் பெட்டிக்கு அடியில் வைத்ததும் அந்தப் பயத்தில்தான். பயத்தோடு என்னை நம்பியும் இருந்தாள். இப்போது சாவடிகள் இல்லை, ஆட்கள் தாராளமாக நடமாடுகிறார்கள். யாராவது வெளியூர்க்காரர் என்னிடம் வழி கேட்டு, நான் கைகாட்டிய பக்கம் ஒரு சந்தேகமும் இல்லாமல் திரும்பி நடந்து போனால், அவர் வளைவு தாண்டும்வரை நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்னை நம்பிப் போகிற ஒருவருடைய முதுகைப் பார்ப்பது எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது.